பெயர் மாற்றாத கல்யாணம்

1

கயல்விழியின் கல்யாணம் முடிந்து போன வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆரணியிலிருந்து போன் பண்ணி வாழ்த்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மராட்டிக்காரங்க வீட்டுக்குப் போனா பொண்ணோட பேரையே மாத்திடுவாங்களாமே, இப்ப உன் பொண்ணுக்கு இன்னா பேரு?" அதே பேர்தான் என்றால் யாரும் நம்பவில்லை. என் சித்தி மகள், "எங்கிட்ட எதுக்கு மறைக்கிற?" என்று கோபித்துக்கொண்டு போனையே வைத்துவிட்டாள்.

மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயர் அப்படியே இருந்துவிட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்ல முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது புனேவுக்கு வெளியே, தேஹு ரோட்டில். என் கணவர் இங்கே ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான மூன்றாம் வாரம் ஒரு டிரங்குப் பெட்டியும் இட்லிப் பானையுமாக அவரோடு வந்து இறங்கினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. காலை நேரத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். கயல்விழி எங்கள் ஒரே மகள்.

2

எங்கள் வீட்டில் கணவன் பெயரைப் பெண்கள் வாய் திறந்து சொல்வதில்லை. என் அப்பாவின் பெயர் ஆறுமுகம். அதனால் அம்மா ஆறு என்ற எண்ணையே சொல்லமாட்டார். படியால் நெல் அளக்கும்போது, "நாலு, அஞ்சு, அதுக்கு மேல ஒண்ணு, ஏழு" என்று எண்ணுவார். பஸ்ஸில் ஆறு ரூபாய் டிக்கெட் என்றால் என்னைத்தான் கேட்க விடுவார். சின்ன வயதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். கழுத்தில் தாலி ஏறியதும் எனக்கும் நாக்கு அப்படியே கட்டிக்கொண்டது. இத்தனைக்கும் நான் பிளஸ் டூ முடித்தவள். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். சொல்லத்தான் வராது.

கயல் பிறந்த ஆஸ்பத்திரியில் பதிவு செய்கிற அம்மா, "பதி கா நாம்?" என்று கேட்டார். கணவன் பெயர் என்ன என்று கேட்கிறார் என்பது புரிகிற அளவுக்கு இந்தி வந்திருந்தது. நான் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். படிப்பதற்குக் கண்ணாடி இல்லை, வாயால் சொல் என்றார். மறுபடியும் கார்டையே நீட்டினேன். அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் மெல்லிய குரலில், "பாவம், ஊமை போல" என்றார். அதுவும் புரிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

என் கணவரின் பெயருக்கு இந்த ஊரில் வேறொரு கதியும் நேர்ந்தது. ஊரில் அவர் வ. ஏகாம்பரம். வ என்பது அவருடைய அப்பா வரதன். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் மூன்று கட்டம் இருக்கும்: தன் பெயர், அப்பா அல்லது கணவன் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விட்டுத் தலைமுறைகள் ஆகிவிட்டன என்பதை இங்கே எந்த மேஜையிலும் விளக்க முடிவதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று இவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் வரதன் என்று எழுதினார். இங்கே எல்லோரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அவர் வரதன் சாஹேப் ஆனார். நான் மிசஸ் வரதன் ஆனேன். என் மாமனார் பெயர்! முதல் தடவை ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது மாமியாரை நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது.

இப்படியாக ஏகாம்பரம் என்ற பெயரைப் புனேவில் யாருமே சொல்லாமல் வருஷங்கள் போயின.

3

கயல் சிஞ்ச்வட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சந்தீப்பைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் வந்து சொன்னபோது நாங்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. பையனின் வீடு எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான ஆகுர்டியில். அப்பா கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோனவர். அம்மா சுனந்தா, டிபன் டப்பா கட்டிக் கொடுத்தே மகனைப் படிக்கவைத்தவர். முதல் நாளே என் கையைப் பிடித்து, "விஹீண்பாய்" என்றார். சம்பந்தியம்மா என்று அர்த்தம். எனக்குப் பிடித்துப்போனது.

நாள் குறித்துவிட்டு வந்த மறுவாரம் சந்தீப் தயங்கித் தயங்கிக் கயலிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். அவர்கள் வழக்கப்படி, தாலி ஏறியதும் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால் அதில் பெண்ணின் புதுப் பெயரை எழுதவேண்டும். அன்றிலிருந்து அவள் அந்தப் பெயர்க்காரி. அவனுடைய அம்மாவும் அத்தையும் சேர்ந்து காவ்யா என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கயல்விழி என்பது யார் வாயிலும் நுழையவில்லையாம். காகிதத்தில் மாற்றவேண்டாம், வீட்டில் கூப்பிட்டால் போதுமாம்.

கயல் பையைச் சோபாவில் வீசிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"நான் மாட்டேன்மா. ஆபீஸ், பேங்க், பாஸ்போர்ட் எல்லாத்துலயும் இதுதான் என் பேரு. ஏன் மாத்தணும்? சந்தீப் மாத்துவானா?"

"காயிதத்துல மாத்தவேணாம்னு சொல்றாங்க இல்ல? வீட்ல மட்டும் கூப்பிடப்போறாங்க. ஒரு பேர்தானே, விடேன். இதுக்காகக் கல்யாணத்தைக் கெடுத்துக்குவியா?"

"ஒரு பேர்தானேவா?" என்றாள். "நீ அப்பா பேரையே ஒரு தடவ சொன்னது கிடையாது. உன் பேரச் சொல்லியும் யாரும் கூப்பிடுறது இல்ல. உனக்கு எப்டிம்மா புரியும்?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். குழம்பு அடிபிடிக்கிற வாசனை வரும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எந்தப் பெயருக்காகச் சண்டை போட்டாளோ அந்தப் பெயரை என் மகளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கயல்விளி என்பாள். தமிழில் எழுதச் சொன்னாலும் அப்படித்தான் எழுதுவாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற நான் அவளுக்கு ழகரம் வரவைக்கத் தவறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மராத்தி, வாசலில் இந்தி, மிச்ச நேரத்தில் இங்கிலீஷ் என்று அவள் வளர்ந்தாள். சோறு கேட்கவும் கோபப்படவும் மட்டும் தமிழ் மிஞ்சியது. என்றாலும் அன்றைக்கு அந்தத் தப்பான உச்சரிப்பிலேயே அவள் தன் பெயரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நினைக்க நினைக்க என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

4

இரண்டு நாள் கழித்துப் பள்ளி விட்டதும், யாரிடமும் சொல்லாமல் லோக்கல் ரயிலேறி ஆகுர்டிக்குப் போனேன். சொல்லவேண்டியதை மராத்தியில் வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். என் மராத்தி காய்கறிக் கடைக்குப் போதும், பிள்ளைகளை அதட்டப் போதும். சம்பந்தி வீட்டில் நியாயம் பேசப் போதுமா என்று பயமாகத்தான் இருந்தது.

சுனந்தாபாய் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்து, டீ போட எழுந்தார். அவர் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் நான் மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டேன். நீங்கள் என் மகளுக்குப் பெயர் வைக்கிறீர்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல நினைத்தது.

அவர் முகம் சட்டென்று மாறியது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நாஹீ ஹோ! நானா? அந்தப் பொண்ணப் பத்தி நான் எப்ப, யார்கிட்ட தப்பாப் பேசினேன்? யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னவென்றால், மராத்தியில் பெயருக்கு 'நாவ்' என்று சொல்கிறார்கள். 'நாவ்' வைப்பது என்றால் பெயர் சூட்டுவது. அதையே கொஞ்சம் நீட்டி 'நாவ' என்று பன்மையாகச் சொல்லிவிட்டால், ஒருவரைக் குறை சொல்லித் தூற்றுவது என்று ஆகிவிடுகிறது. பதற்றத்தில் நான் இழுத்துவிட்டேன். என் மகளைத் தூற்றுகிறீர்களே என்று அந்த அம்மாவின் வீட்டுக்கே போய், அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

கையைக் காட்டி, இந்தியைக் கலந்து, அரிசித் தட்டையும் மோதிரத்தையும் நடித்தே காட்டியபிறகு அவருக்கு விளங்கியது. முதலில் அவர் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் மராத்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"என் பேரு ஹிரா. சத்தாரா பக்கம் கிராமம். பதினேழு வயசுல கல்யாணம். தட்டுல சுனந்தான்னு எழுதினாங்க. எனக்கு அப்ப சரியாப் படிக்கத் தெரியாது, என்ன எழுதினாங்கன்னு பக்கத்துல இருந்தவங்களக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் 'சுனந்தா, சுனந்தா'ன்னு கூப்பிடுவாங்க. நான் திரும்பவே மாட்டேன். வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சுக்குவேன். பொண்ணுக்குக் காது கேக்கலன்னு மாமியார் என்னக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"காது நல்லா இருக்குன்னார். அப்பத் திமிருன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அதைச் சொல்லும்போது சிரித்தார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடி எங்கப்பா என்னப் பாக்க வந்தார். ஒரு மூட்டை வேர்க்கடலையத் தூக்கிக்கிட்டு. நாங்க அப்ப ஒரு சாளுல குடியிருந்தோம், வரிசையா நாப்பது வீடு. எங்க குடும்பப் பேருல மட்டும் நாலு வீடு இருந்துச்சு. அவரு கதவு கதவாப் போய், 'ஹிரா இருக்காளா, எம் பொண்ணு ஹிரா'ன்னு கேட்டிருக்கார். ஹிரான்னு இங்க யாருமே இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்களுக்குத் தெரியாது. புதுப் பேரு அப்பாவுக்கு ஞாபகம் இல்ல. நான் உள்ள பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், எங்க கதவு வரைக்கும் அவரு வரல. வெயில்ல நின்னு பாத்துட்டு, மூட்டைய டீக்கடையில வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டார். ஒரு வாரம் கழிச்சுக் கார்டு வந்துச்சு, கடலைய வாங்கிக்கிட்டியான்னு கேட்டு. அடுத்த தீபாவளிக்கு அவரு இல்ல."

டீ பொங்கி வழிந்தது. நான்தான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

கேட்கலாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டேன். "இவ்வளவு பட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்கு எம் பொண்ணுக்கு?"

அவர் ஒரு கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிப் போட்டார். "எங்க மாமியாருக்கும் மாத்தினாங்க. அவங்க மாமியாருக்கும் மாத்தியிருப்பாங்க. வழக்கம்னா அப்படித்தான்னு நினைச்சேன். இதக் கேட்டுக்கூடப் பாக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல." பிறகு, "சந்தீப்போட அத்தை ஒத்துக்கணும். வீட்டுக்குப் பெரியவங்க அவங்கதான். பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்பதைத் தவிர எந்த வாக்கும் அவர் கொடுக்கவில்லை. ஆறிய டீயைக் குடித்துவிட்டு வந்தேன். கயலிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் சந்தீப்பிடம் பேசாமல் நாலு நாள் இருந்துவிட்டு, பிறகு பேசத் தொடங்கினாள். கல்யாணத்தன்று தட்டு வந்தால் எழுந்து போய்விடுவேன் என்று மட்டும் என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

5

ஆகுர்டியில் ஒரு ஹாலில் கல்யாணம். காலையில் நம் முறைப்படி தாலி. நாதஸ்வரத்துக்கு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டோம். பிறகு அவர்கள் முறைப்படி மங்கலாஷ்டகம், மாலை, கறுமணி மங்களசூத்திரம். எல்லாம் முடிந்ததும் சந்தீப்பின் அத்தை செம்புத் தட்டில் அரிசியைப் பரப்பிக் கொண்டுவந்து மணமேடையில் வைத்தார். ஒன்பது கஜப் புடவையும் பெரிய மூக்குத்தியுமாக, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றுகிற அம்மாள்.

கயலின் கை புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். எழுந்திருக்கப் போகிறாள். சுனந்தாபாயைத் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தீப் மோதிரத்தைக் கழற்றி எழுத ஆரம்பித்தான். அத்தை குனிந்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். "கா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு, "க... ய... ல..." என்றார். அடுத்த எழுத்தைப் படிக்கவில்லை. நிமிர்ந்து, "இது என்ன?" என்று கேட்டார்.



"அவ பேருதான், அக்கா," என்றார் சுனந்தாபாய். "நான்தான் எழுதச் சொன்னேன். அவளத் தேடி அவங்கப்பா நம்ம வீட்டுக்கு வந்தா, வாசல்ல நின்னு இந்தப் பேரத்தான் கூப்பிடுவார். நமக்கு அடையாளம் தெரியணும்."

அத்தைக்கு அந்த வேர்க்கடலைக் கதை தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் சுனந்தாபாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு கயலிடம் திரும்பி, "இதுக்கு அர்த்தம் என்ன?" என்று அதிகாரமாகக் கேட்டார்.

"மீன் மாதிரிக் கண்ணு, ஆத்யா," என்றாள் கயல் மராத்தியில். ஆத்யா என்றால் அத்தை.

"மீனாக்ஷி!" என்று அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இவ்வளவு யோசிச்சிருக்க வேண்டாமே. தெய்வத்தோட பேரு. இதப் போய் யாராவது மாத்துவாங்களா?"

ஹாலே சிரித்தது. கயல் புடவையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். தட்டை நான் எட்டிப் பார்த்தேன். மராத்தியிலும் ழகரம் கிடையாது. சந்தீப் ளகரத்தில்தான் முடித்திருந்தான். என் மகள் சொல்கிற மாதிரியே.

சிரித்த வாயோடு அத்தை அடுத்த விளையாட்டை ஆரம்பித்தார். இங்கேயும் அந்தக் காலத்தில் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆனால் விசேஷ நாட்களில் இரண்டு வரிப் பாட்டாகக் கட்டி, அதற்குள் பெயரை வைத்துச் சொல்லிவிடுவார்கள். உகாணா என்பார்கள். கயல் சொன்னாள். சுனந்தாபாய் இறந்துபோன கணவரின் பெயரை வைத்து ஒன்று சொன்னார். புருஷன் இல்லாதவள் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அத்தையின் விரல் என் பக்கம் திரும்பியது.

"விஹீண்பாய்! இப்ப நீங்க."

எனக்கு மராத்தியில் பாட்டுக் கட்ட வராது என்றேன். தமிழில் சொல், எங்களுக்குப் பெயர் காதில் விழுந்தால் போதும் என்றார். கயல் என்னைப் பார்த்தாள். கிண்டலாக இல்லை. அவள் முகத்தில் இருந்தது பாவம் பார்க்கிற பார்வை. "விடுங்க ஆத்யா, அம்மா சொல்லமாட்டாங்க," என்றாள்.

அந்தப் பாவம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தபிறகு என்ன சொல்வது என்று யோசித்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தினமும் ரெண்டு வரி கட்டிச் சொல்கிறவள்தானே.

"தேஹு ரோடு டேசனுக்கு லோக்கல் வண்டி வரும். ஏகாம்பரம் பேரச் சொன்னா எனக்கு வெக்கம் வரும்!"

முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் என்ன கைதட்டல்! "ஏகாம்பரம் யாரு?" என்று பின்வரிசையில் அவருடைய பழைய ஆபீஸ்காரர் ஒருவர் விசாரிப்பது கேட்டது. "நம்ம வரதன் சாஹேப்தான்," என்று இன்னொருவர் சொன்னார். "அவர் பேரு அதுவா?"

அவர் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் இலைக் கட்டோடு நின்றிருந்தார். யாரோ தோளைத் தொட்டது போலத் திரும்பினார். என்னைப் பார்த்தார். இலைக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

6

ஒரு வருஷத்தில் என்னவெல்லாம் மாறியது என்று கேட்டால், பெரிய சம்பவங்கள் இல்லை. கயலை மாமியார் கயல் என்றே கூப்பிடுகிறார். அத்தை மட்டும் பிடிவாதமாக மீனாக்ஷி என்கிறார். அதற்கும் இவள் திரும்புகிறாள். புருஷனை எல்லோர் முன்னாலும் "டேய் சந்தீப்" என்கிறாள். எனக்குத்தான் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது, சுனந்தாபாய் கண்டுகொள்வதில்லை. இப்போது இங்கே பிறக்கும் பிள்ளைகளின் பெயரோடு அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டுமாம். நாலாவது ஒரு கட்டம். என் அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலாவது முழுசாக இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ரேஷன் கார்டில் இருந்திருக்கும், குடும்பத் தலைவரின் மனைவி என்பதற்குப் பக்கத்தில்.

போன வாரம், கயலின் முதல் கல்யாண நாளன்று மதியம் ஆகுர்டியில்தான் சாப்பாடு. பூரண்போளியும் நான் செய்துகொண்டுபோன புளியோதரையும். மாலையில் நாங்கள் இரண்டு பேரும் லோக்கலில் திரும்பினோம். கூட்டம் அதிகம் என்று நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன், அவர் அடுத்த பெட்டியில். ஒரே ஸ்டேஷன்தான். தேஹு ரோட்டில் இறங்கினால் பிளாட்பாரம் முழுக்க ஷிப்டு முடிந்து வருகிற ஜனம். ஷேர் ஆட்டோவைப் பிடிக்க எல்லோரும் ஓடுகிறார்கள். நானும் அந்தத் தள்ளலில் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

இத்தனை வருஷமாக இப்படிப் பிரிந்துபோனால் அவர் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பை ஆயிரம் சத்தத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் என்றால் "இந்தா", "இங்க பாரு", "கயலம்மா". அதற்கு மேல் அவருக்கும் வந்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

அன்றைக்கு அவ்வளவு ஜனத்துக்கும் மேலே ஒரு குரல் வந்தது. "தவமணி!"

யாரோ என்று இரண்டு படி ஏறிவிட்டேன். மறுபடியும், இன்னும் உரக்க, கொஞ்சம் பயத்தோடு, "தவமணி! அங்கியே நில்லு!"

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கூப்பிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் இவ்வளவு சத்தமாக என் காதில் விழுந்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சுற்றிலும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதானே.

"ஏன், காது கேக்கலையா?" என்றார்.

"கேட்டுச்சி," என்றேன். "இன்னொரு வாட்டி கூப்பிடுவீங்களான்னு பாத்தேன்."